எழுத்தர் வென்ற பாஸ்டன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரத்தான் வீரர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை கென்ய, எத்தியோப்பிய வீரர்களோடு நின்றுவிட்டது. ஜப்பானின் யூகி கவாவுச்சிக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

ஜப்பானில் முன்னணி ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் நிறுவன அணிகளில் சம்பளமும் பயிற்சியாளரும் பெற்று ஓடுபவர்கள். கவாவுச்சியோ சைத்தாமா மாகாணத்துப் பள்ளி அலுவலகமொன்றில் முழுநேர ஊழியராக இருந்துகொண்டு, வேலை போக மிஞ்சிய பொழுதில் தாமே பயிற்சி செய்து, வார இறுதிப் பந்தயங்களையே கடும் பயிற்சியாக்கிக்கொண்டவர். (கோட்டும் டையும் அணிந்தே ஒரு அரை மாரத்தானை ஓடிய குறும்பும் அவருக்கு உண்டு.)

2018 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் கொட்டிய மழையும் எதிர்க்காற்றும் குளிரும் பல நட்சத்திர வீரர்களைப் பாதியிலேயே விலகச் செய்தன. முதல் மைலிலேயே எல்லோரையும் விட்டுப் பாய்ந்து, பிறகு பின்தங்கிய கவாவுச்சி, இறுதிக் கட்டத்தில் நடப்புச் சாம்பியன் ஜெஃப்ரி கிருயியை முந்தி, 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் வென்றார். 1987இல் வென்ற தோஷிஹிகோ செகோவுக்குப் பின் அங்கு முதலிடம் பெற்ற முதல் ஜப்பானியர் அவரே. அந்த வானிலையே தமக்கு மிகவும் உகந்தது என்று அவர் சொன்னதை நான் மிகையாக எண்ணவில்லை.

அடுத்த ஆண்டுதான் அவர் அரசு வேலையை விட்டார். 2021இல் பிவா ஏரி மாரத்தானில், 34 வயதை நெருங்கும் வேளையில், 2 மணி 7 நிமிடம் 27 விநாடி என்ற தமது மிகச் சிறந்த நேரத்தைப் பதிவுசெய்தார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்.