ஆயூர் சேச்சிக்கும் அன்றிரவு உடன் நின்ற எல்லோருக்கும்

ரப்பர் தோட்டத்துக்குத் தேனீப் பெட்டிகள் ஏற்றிப்போன எங்கள் லாரி கேரளத்தில் ஆயூர்ப் பக்கம் நடுவழியில் நின்று, பெட்டிகள் சரிந்துபோன அந்த இரவின் கதையை மறுபடியும் விரிவாக எழுதப் போவதில்லை. மார்த்தாண்டம் முதல் பாலா வரை தேன்காரர்கள் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது, வீடியோவும் சுற்றி முடிந்துவிட்டது. கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒரு வரி: கூடுகள் காஞ்சிரப்பள்ளிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இறங்கிவிட்டன, பெரும்பாலானவை பிழைத்துவிட்டன. நேற்றுப் பெட்டிக்குள் அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களைத் தூக்கிப் பார்த்தபோது புதிய முட்டைகள் இருந்தன, ராணி ஈக்கள் பிழைத்திருக்கின்றன. அதைப் பார்த்த பிறகுதான் சோறு இறங்கியது.

முதல் நன்றி ஆயூரைத் தாண்டி எம்.சி. ரோட்டோரம் தட்டுக்கடை வைத்திருக்கும் சேச்சிக்கு. பெயரை எழுதினால் சண்டைக்கு வருவேன் என்று சொல்லியிருப்பதால் எழுதவில்லை.

தேனீ வளர்க்காதவர்களுக்கு அவர் செய்தது பெரிதாகத் தெரியாமல் போகலாம். வயலுக்குப் போன ஈக்கள் அந்திக்குள் கூடு திரும்பிவிடும் என்பதால் பெட்டிகளின் வாசலை அடைத்து இரவில்தான் ஏற்றுகிறோம். லாரி ஓடும்வரை காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும். நின்றுவிட்டால் அடைபட்ட ஈக்கள் பதறிச் சிறகடிக்கும், அந்தப் பதற்றமே பெட்டியை மேலும் சூடாக்கும். புழு வளரும் மெழுகு அடை 34, 35 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டியது. அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் மெழுகு இளகி, அடை சரிந்து, தேனும் புழுவும் ஈயும் ஒன்றாகிவிடும். போதாததற்கு அன்று சில பெட்டிகளின் வாசல் திறந்துகொண்டது. இருட்டில் வெளியே வந்த ஈக்கு வழி தெரியாது. வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் மோதி மோதிச் சாகும்.

அந்த இடத்தில் இருந்த ஒரே பெரிய வெளிச்சம் சேச்சியின் கடைதான். சபரிமலை மகரவிளக்கு முடிந்து ஊர் திரும்பும் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, தோசைக்கல் ஓயவில்லை. ஆண்டிலேயே அவருக்கு நாலு காசு மிஞ்சுவது அந்தச் சில வாரங்களில்தான். நான் ஓடிப்போய் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் விளக்கத் தொடங்கினேன். முழுதாகக் கேட்கவில்லை. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். அடுப்பையும் அணைத்தார். பாதித் தோசையோடு இருட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் முணுமுணுத்ததற்கு, "கைக்கு வாய் இருக்கும் இடம் தெரியும், சாப்பிடு மோனே" என்று பதில் வந்தது.

ஆனால் இருட்டில் எங்களால் கயிறு கட்ட முடியவில்லை. டார்ச் அடித்தால் ஈ முகத்துக்கு வருகிறது. தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது, சிவப்புத் தாள் கிடைத்தால் போதும் என்று உதவிக்கு வந்த பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சேச்சி காதில் விழுந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்குக் கட்டி இன்னும் இறக்காமல் வைத்திருந்த சிவப்புக் காகித நட்சத்திரத்தைக் கழற்றிக் கிழித்து, ரப்பர் பேண்டும் சேர்த்துக் கொடுத்தார். பேத்தி ஆசையாக வாங்கியதாம். மறுநாள் அவளுக்கு என்ன சொல்லிச் சமாளித்தாரோ தெரியவில்லை. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில்தான் வாசல்களை அடைத்தோம், பெட்டிகளை நிமிர்த்திக் கட்டினோம்.

விடியும் நேரம் பணம் நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். தேன் எடுத்ததும் கொண்டுவருகிறேன் என்றேன். "எனக்குச் சர்க்கரை நோய், தேனை வைத்து என்ன செய்ய?" என்று கேட்டார். அவ்வளவுதான், அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார்.

மற்றவர்களையும் மறக்கவில்லை: தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காமல் மழைத்தூறல்போலத் தெளித்த தீயணைப்பு வீரர்கள், ஹெட்லைட்டைத் தாழ்த்தச் சொல்லி வண்டிகளை அனுப்பிய போலீஸ்காரர்கள், தன் வாழைக்குலை லோடை ஓரங்கட்டிவிட்டு எங்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்ட டிரைவர் அண்ணன், கொட்டு வாங்கி முகம் வீங்கியும் சிரித்த ஆயூர்ப் பையன்கள், வாடகைப் பேச்சே எடுக்காத தோட்டக்காரர். எல்லோருக்கும் என் வணக்கம்.

ரப்பர் இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும் இந்தக் கொஞ்ச காலத்தில், மூன்று இலைகள் சேரும் காம்பு நுனியில் சுரக்கும் தேனை நம்பித்தான் எங்கள் ஊரில் பல வீடுகளின் ஆண்டு வரவுசெலவே நடக்கிறது. மழைமாதம் முழுக்கச் சீனிப்பாகு ஊற்றி ஈயைக் காப்பாற்றுவதும் இதற்காகத்தான். 1990களின் தொடக்கத்தில் 'தாய் சாக்புரூட்' என்ற, தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் வந்து கூடுகள் காலியானபோது தொழிலையே விட்டுப் போனவர்கள் உண்டு. என் அப்பா மிஞ்சியதைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார். அன்றிரவு லாரியில் இருந்தவை அந்த வம்சம்தான். அதனால்தான் நடுரோட்டில் அப்படிக் கத்தினேன், பயந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். களியக்காவிளைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே எந்த ஊர்த் தேனீ லாரி வழியில் நின்றாலும், நம் நாட்டு அடுக்குத் தேனீயோ இத்தாலியத் தேனீயோ, எந்த நேரமானாலும் நம் சங்கத்தில் சொல்லி எனக்குத் தகவல் கொடுங்கள். புகைப்பான், காலிப் பெட்டி, கம்பிவலை, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் எல்லாவற்றோடும் வந்துவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று: பெட்டிகள் மேல் ஈரம் போட்டுப் போர்த்திய கோணிச் சாக்குகள் சில என்னோடு வந்துவிட்டன. எவருடையவை என்று தெரியவில்லை. அலசிக் காயவைத்திருக்கிறேன். உரியவர்கள் சேச்சியின் கடையில் சொல்லிவையுங்கள், திரும்பும் வழியில் அங்கேயே கொடுத்துவிடுகிறேன்.