இரவுப் பணி முடிந்த மாணவியைத் தூங்க விடுங்கள்

ஆசிரியருக்கு,

செங்கோட்டை, கம்பம் பக்கமிருந்து கேரளத்துக்கு நர்சிங் படிக்கப் போகும் பிள்ளைகளை முதலில் மிரட்டுவது பாடமல்ல, வார்டில் கேட்கும் மலையாளம். சர்தி என்றால் வாந்தி, தலகறக்கம் தலைசுற்றல், ஸ்வாசம்முட்டல் மூச்சுத்திணறல். தினம் பத்துச் சொல்லை நோட்டில் குறித்துவந்தால் அந்தப் பயம் வடியும். வாய்மொழியாக மருந்து சொன்னால் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். மறுபடி கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

பெரிய சுமை இரவுப் பணி. காலை 9 மணிக்குப் படுக்க வேண்டுமானால் அதிகாலை 3 மணிக்குப் பிறகு டீ, காபி கூடாது. காஃபீன் ஆறு மணி நேரம்கூடத் தூக்கத்தைக் கெடுக்கும். அறையை இருட்டாக்கி, செல்போனை எட்ட வையுங்கள். இத்தனை செய்தும், அன்றே பகல் வகுப்புக்கு வரச் சொன்னால் என்ன பயன்? தூக்கம் கெட்டவர் இன்சுலின் யூனிட்டைத் தவறாகப் படிக்கக்கூடும். கல்லூரிகள் இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

படபடப்பு வந்தால் 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் தள்ளிப்போடாமல் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனாஸை அழையுங்கள். கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

நர்சிங் ஆசிரியைகள் சிலர்,
செங்கோட்டை