செயலாளர் ஆண்டறிக்கை 2025: கணினி அறையும் பழைய எழுத்துருவும்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விழா, நூலகம், மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு உறுப்பினர்கள் அதிகம் கேட்டது கணினி அறையைப் பற்றித்தான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நம்மிடம் உள்ள 6 கணினிகளும் நன்கொடையாக வந்த பழையவை. விண்டோஸ் 11 கேட்கும் செயலி (processor) அவற்றில் இல்லை. மும்பையின் கணினிச் சந்தையான லேமிங்டன் சாலையில் புதியவற்றுக்கு விலை விசாரித்து வந்த பொருளாளர், ஒன்றும் பேசாமல் குடிக்கத் தண்ணீர் கேட்டார். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸுக்கு மாறுவது என்று முடிவானது. இடைஞ்சல் ஒன்றுதான்: உறுப்பினர் பதிவேடும் சங்க மலரும் இத்தனை காலம் தயாரான தமிழ்த் தட்டச்சு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். அதை விற்றவர் கடையைக் கட்டிப் பல வருடம் ஆகிறது.

அதற்குத்தான் வைன். பெயரைச் சொன்னதும் மூத்த உறுப்பினர் ஒருவர் "சங்கத்துக்குள்ளேயேவா?" என்று எழுந்துவிட்டார். மும்பையில் தெருவுக்குத் தெரு 'வைன்ஸ்' என்று பலகை தொங்கும்போது அவரைக் குறை சொல்ல முடியாது. நம் வைனோ 1993இல் தொடங்கிய திறமூலத் திட்டம், அதாவது நிரலின் மூலத்தை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். 'கோப்பைத் திற, சாளரத்தை வரை' என்று விண்டோஸ் நிரல் கேட்பதை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிறது. விண்டோஸை வாங்க வேண்டியதில்லை. 1.0 பதிப்பு வெளிவர 2008 வரை, அதாவது 15 ஆண்டுகள் ஆயின. நம் கட்டட நிதியோடு ஒப்பிட்டால் அது வேகம்தான்.

இன்றைய 64-பிட் விண்டோஸ் ஏறெடுத்தும் பார்க்காத அந்தக் காலத்து 16-பிட் நிரல்களைக்கூட வைன் ஓட்டும். நம் மென்பொருளை நிறுவும் நிரல் அந்த ரகம். விண்டோஸ் 10இல் மண்டையை உடைத்துக்கொண்டதை இங்கே முதல் முயற்சியிலேயே நம் பிள்ளைகள் ஏற்றிவிட்டார்கள். அச்சும் சரியாக வந்தது. சரிப்படாததும் உண்டு. அந்த மென்பொருளின் விசைப்பலகை வைனுக்குள் மட்டும்தான் வேலை செய்கிறது. வெளியே தட்டச்சு செய்ய லினக்ஸிலேயே கிடைக்கும் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுகிறோம். டாங்கிள் என்ற சிறு உரிமக் கருவியைச் செருகினால்தான் திறக்கும் கணக்கு மென்பொருளோ கடைசிவரை மசியவில்லை. அதற்காக ஒரு கணினியை இணைய இணைப்பைத் துண்டித்துப் பழைய விண்டோஸிலேயே விட்டிருக்கிறோம்.

நிரல் ஓடியதும் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மென்பொருள் ஓடினாலும், அதில் அடித்த தமிழ் வெளியே வந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரிகிறது. காரணம், அது பழைய எழுத்துரு; எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அல்ல. அதில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் அடிப்போம்: கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோடில் மெய் முதலில் வரும். அதையாவது எழுத்துருவை மாற்றும் நிரல் ஒன்று சரியாக அடுக்கிவிடும். ஔகாரக் குறிதான் வினை. நம் எழுத்துருவில் அதற்கும் 'ள'வுக்கும் ஒரே விசை. விளைவு, பதிவேட்டில் உள்ள கௌரிகள் எல்லாரும் 'கெளரி' ஆகிவிட்டார்கள். இரண்டும் அச்சில் ஒன்றுபோலவே இருப்பதால் கண்ணால் பிடிக்க முடியாது. கணினியில் தேடும்போதுதான் அப்படி ஓர் உறுப்பினரே இல்லை என்கிறது. சந்தா கட்டியவர் இதைக் கேட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த ஆண்டுக்கு: பதிவேட்டை முழுதாக யூனிகோடுக்கு மாற்றுவது, அப்புறம் பழைய மலர்கள். வைனின் நிலையான பதிப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் வருகிறது. அதை முதலில் ஒரே கணினியில் ஏற்றி, பழைய மலர் ஒன்றைத் திறந்து அச்சிட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றில் ஏற்றுவோம். ஏதாவது உடைந்தால் வைன் திட்டத்தாருக்கே முறைப்படி வழு அறிக்கை எழுதவும் நம் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். இலவசமாக வாங்கிக்கொள்பவர்கள் இந்த அளவாவது செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். மாற்றம் முடியும்வரை பழைய மென்பொருளை யாரும் அழிக்க வேண்டாம்.

மெய்ப்புப் பார்க்க ஞாயிறு காலைகளில் 4 பேர் தேவை. கௌரி, கௌசல்யா, சௌந்தரம் என்று பெயருள்ள அம்மாக்களும், சௌந்தரராஜன்களும் இன்று கூட்டம் முடிந்ததும் கணினி அறைக்கு வந்து தங்கள் பெயரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகவும்.

செயலாளர்