சதுரங்கச் செய்தியில் ஆட்டமும் வரட்டும்

ஆசிரியருக்கு,

கொழும்பில் பாடசாலைச் சதுரங்கப் போட்டி முடிந்தால் வென்றவர் பெயரும் கிண்ணத்தோடு படமும் பத்திரிகையில் வருகின்றன. ஆடிய ஆட்டம் வருவதில்லை. வாரம் ஓர் ஆட்டத்தையாவது, தொடக்க நகர்வுகளின் காரணத்தோடு வெளியிடுங்கள்.

மாணவர் அதிகம் ஆடும் இத்தாலியத் திறப்பு என்ற தொடக்கத்தையே எடுங்கள்: ஈ4 ஈ5, குதிரை எஃப்3, குதிரை சி6, மந்திரி சி4. (எழுத்தும் எண்ணும் காய் போய் நிற்கும் கட்டம்; காயின் பெயர் இல்லாவிட்டால் அது காலாள். வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி ஆடும்.) கறுப்பு மற்றக் குதிரையை எஃப்6இல் வைத்ததும் வெள்ளைக் குதிரை ஜி5க்குப் பாயும். குறி எஃப்7 காலாள். அதற்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. கறுப்பு டி5 தள்ளி மந்திரியை மறிக்கும், வெள்ளைக் காலாள் அதை வெட்டும். பிள்ளைகள் விழுவது இங்கேதான். குதிரையால் திருப்பி வெட்டத்தான் கை போகும். வெட்டினால் வெள்ளை எஃப்7இல் குதிரையைப் பலி கொடுக்கும். ராஜா அதை வெட்ட, ராணி எஃப்3இல் செக் வைக்கும். அதே ராணி டி5 குதிரையையும் தாக்குவதால், குதிரையைக் காக்க ராஜா ஈ6க்கு, பலகை நடுவுக்கே, ஏறவேண்டும். உடனே வெள்ளையின் மற்றக் குதிரை சி3க்கு வந்து டி5ஐ மேலும் நெருக்கும். கடிகாரம் ஓடும்போது இதைத் தாங்குவது பெரியவர்களுக்கே கடினம்.

சரியான நகர்வு, சி6இல் நிற்கும் குதிரை ஏ5. பழைய இத்தாலிய ஆட்டக்காரர் பொலேரியோவின் பெயரால் வழங்கும் இது மந்திரியைத் தாக்குகிறது. வெள்ளை மந்திரியால் பி5இல் செக் வைத்தால் கறுப்பு சி6 தள்ளும். காலாள்கள் வெட்டுப்பட்டதும் மந்திரி மறுபடி நகரவேண்டும், பிறகு கறுப்பு எச்6 தள்ளி ஜி5 குதிரையையும் விரட்டும். ஒரு காலாள் போனாலும் கறுப்புக்கு வேகம் கிடைக்கிறது. இதை மனப்பாடம் செய்த பிள்ளை, வெள்ளை செக் வைக்காமல் டி3 ஆடினால் திகைத்து நிற்கும். அப்போதும் எச்6தான், குதிரை எஃப்3க்குத் திரும்பினால் ஈ4. அந்தக் காலாளை டி3 காலாள் வெட்டினால் சி4 மந்திரி காவலிழக்கும். இந்தக் காரணம் தெரிந்த பிள்ளைக்கு மனப்பாடம் தேவையில்லை.

இத்தனை சிக்கல் வேண்டாமென்றால் கறுப்பு மூன்றாம் நகர்வில் மந்திரி சி5 ஆடலாம். அப்போது ஜி5க்கு வரும் குதிரையை ராணி வெட்டிவிடும்.

ஆட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஃபிடே எனும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிப்படி வீரர் எழுதும் நகர்வுத் தாள்கள் ஏற்பாட்டாளருக்கே உரியவை. அவர்களிடம் கேட்டுப் பெறலாம். ஒரு பலகைப் படமும் பத்து வரியும் போதும். கறுப்பின் ஐந்தாம் நகர்வுக்கு முந்திய நிலையைப் படமாகப் போட்டு, விடையை வேறு பக்கத்தில் தாருங்கள்; பிள்ளை முதலில் தானே யோசிக்கட்டும்.

இப்படிக்கு,
சதுரங்கப் பயிற்றுநர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.