கோடுகளை விடுங்கள், கண்ணாடியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஒரு வெள்ளைக் காரின் படத்தைப் போட்டு, இது என்ன கார் என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த வாரமே வாசகர்கள் பதில்களைக் குவித்துவிட்டார்கள். பாதிப் பேர் ஃபெராரி டெஸ்டரோஸா என்கிறார்கள்; கதவிலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பட்டைக் கோடுகள்தான் அவர்களுக்குச் சாட்சி. மற்றவர்கள் லம்போர்கினி என்கிறார்கள். கதவு மேல்நோக்கித் திறந்திருக்கிறதாம். நீங்களும் "ஃபெராரியாக இருக்கலாம்" என்று பஞ்சாயத்தை முடித்துவிட்டீர்கள். டிங்கரிங் பட்டறையில் தகடு தட்டியே வயதானவன் நான். அது இரண்டுமில்லை. 1980-களின் போர்ஷே 911.

இப்படிப்பட்ட காரைப் பார்த்தால், பட்டறைக்காரன் எதைச் சுலபமாக மாற்றுவான், எதில் கைவைக்கத் தயங்குவான் என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். பம்பர், பானட், ஃபெண்டர், விளக்கு எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். அந்த இடத்தில் ஃபைபரில் எதை வேண்டுமானாலும் செய்து மாட்டலாம். பின்ஃபெண்டரை மட்டும் அறுத்து வெல்டு வைக்க வேண்டும். கதவை மேலே தூக்குவதற்குக் கீல் கிட் தனியாகவே விற்கிறார்கள். லம்போர்கினியிலேயே கல்லார்டோவும் ஹுராகானும் சாதாரணக் கதவுதான். மேலே தூக்கும் கதவு கவுன்டாச், டியாப்லோ போன்ற 12 சிலிண்டர் வண்டிகளோடு சரி. கதவை வைத்துக் கம்பெனியைச் சொல்ல முடியாது.

முன்கண்ணாடி அப்படியில்லை. அதன் வளைவை மாற்றினால் தூண், கூரை எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும், புதிதாகக் கண்ணாடி வார்க்க வேண்டும். ஒரே ஒரு வண்டிக்காக அந்த வேலையில் இறங்குகிறவர்கள் மிக அபூர்வம். உங்கள் படத்தில் முன்கண்ணாடி ஓரளவு நிமிர்ந்தே நிற்கிறது. கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் வழியும் சின்னக் கால்வாய் தெளிவாகத் தெரிகிறது. இது பழைய 911-இன் மேல்பாதி. 1960-களிலிருந்து 1989 வரை போர்ஷே அதை அதிகம் தொடவில்லை. டெஸ்டரோஸாவின் முன்கண்ணாடி நன்றாகப் பின்னால் சாய்ந்து கிடக்கும்.

அடுத்தது வீல்பேஸ், அதாவது முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரம். அந்தக் காலத்து 911-க்கு 2,272 மி.மீ., டெஸ்டரோஸாவுக்கு 2,550. ஒரு சாணுக்கும் கூடுதலான வித்தியாசம். படத்தில் ஸ்கேல் வைத்து அளக்க முடியாது, ஆனால் டயரின் விட்டத்தை வைத்து எண்ணிப் பார்க்கலாம். 911-இல் இரு மையங்களுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்றரை டயர் அடங்கும். டெஸ்டரோஸாவில் நான்குக்குக் கொஞ்சம் குறையும். பெரிய டயர் போட்டிருந்தால் கணக்கு சற்றுப் பிசகும். பக்கவாட்டுப் படமாகவும் இருக்க வேண்டும். இருந்தாலும் உங்கள் படத்தில் மூன்றரைக்கு மேல் எனக்கு வரவில்லை.

அப்படியானால் அந்தக் கோடுகள்? 1984-இல் வந்த டெஸ்டரோஸாவில் அவை அழகுக்கு மட்டும் வைத்தவை அல்ல. அதன் ரேடியேட்டர்கள் கதவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அந்தப் பட்டைகளுக்கு நடுவே புகும் காற்று அவற்றுக்குத்தான் போகிறது. பழைய 911-க்கு ரேடியேட்டரே கிடையாது, காற்றால் குளிரும் என்ஜின். அதன் கதவில் இந்தக் கோட்டைப் போடுவது வெறும் மோகம். அந்த மோகம் 80-களில் ஜெர்மனியில் தலைக்கேறியிருந்தது. கார்களை மாற்றியமைக்கும் கெம்பாலா என்ற கம்பெனியின் அவலாஞ்ச் என்ற வண்டியைத் தேடிப் பாருங்கள்: 911 டர்போவின் உடம்பு, பக்கத்தில் டெஸ்டரோஸா கோடு. அதே நாட்டில் கோனிக் ஸ்பெஷல்ஸ் என்ற கம்பெனி ஃபெராரியையே அகலப்படுத்திக்கொண்டிருந்தது. பணமும் ஃபைபரும் தாராளமாகக் கிடைத்தால் மனிதன் எதையும் விட்டுவைக்க மாட்டான்.

தட்டை மூக்கைப் பார்த்தும் பலர் ஏமாந்திருக்கிறார்கள். 911 என்றால் தவளைக் கண் விளக்கு நினைவுக்கு வரும். உங்கள் படத்து வண்டியில் மூக்கு தட்டை, விளக்கு மடங்கி உள்ளே போய்விடுகிறது. 1976-இல் பந்தயத்துக்கு வந்த போர்ஷே 935-இன் தட்டையான ஃபெண்டர்தான் இதற்கு மூலம். 1979-இல் லெ மான்ஸ் பந்தயத்தை வென்றதும் ஒரு 935-தான். பிறகு போர்ஷே தொழிற்சாலையே ஆர்டரின் பேரில் சாலை வண்டிக்கும் அந்த மூக்கைச் செய்து கொடுத்தது. ஆகவே தட்டை மூக்குள்ள எல்லாமே வெளிப்பட்டறை வேலை என்றும் சொல்லிவிட முடியாது.

விளக்கை வைத்து முடிவுகட்டுவதும் ஆபத்து. லம்போர்கினியே 1999 டியாப்லோவுக்கு நிசான் 300இசட்எக்ஸின் ஹெட்லைட்டைத்தான் பொருத்தியது. தொழிற்சாலையே அப்படிச் செய்தால் தெருக்கோடிப் பட்டறையைக் கேட்க வேண்டுமா? டொயோட்டா எம்ஆர்2-வின் மேல் ஃபெராரி 355 உடம்பைப் போர்த்தி ஓட்டுகிறவர்களும் உண்டு. இரண்டாம் தலைமுறை எம்ஆர்2-வின் வீல்பேஸ் 2,400, 355-க்கு 2,450. இந்த ஐந்து சென்டிமீட்டரை எவ்வளவு பட்டி பூசினாலும் முழுதாக மறைக்க முடியாது. கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே எங்கோ இடிக்கும்.

நேரில் பார்க்க வாய்த்தால் இன்னும் எளிது. ஃபெண்டரில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் ஃபைபர், அல்லது விரல் கனத்துக்குப் பட்டி. கதவைத் திறந்து வாசல் விளிம்பைத் தடவினால் ஸ்பாட் வெல்டிங் குழிகள் கைக்குத் தட்டுப்படும். தொழிற்சாலைக் குழிகள் சீராக, ஒரே இடைவெளியில் ஓடும். பின்னால் யாராவது வெட்டி ஒட்டியிருந்தால் அந்த ஒழுங்கு கெட்டிருக்கும், அல்லது பட்டியில் மூழ்கியிருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் 911-இல் ஐந்து வட்ட மீட்டர்கள், நடுவில் பெரிதாக ஆர்பிஎம் மீட்டர். இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியென்றால் சாவித் துவாரமும் இடப்பக்கம். வெளியே லட்சணமாக எல்லாவற்றையும் மாற்றியவர்கள் சாவியை அங்கேயே விட்டிருப்பார்கள்.

கடைசியில் தீர்ப்புச் சொல்வது சேஸ் நம்பர். 911-இல் அது முன்டிக்கியில், கம்பளத்துக்கு அடியில் தகட்டிலேயே அடித்திருக்கும். 1981 மாடலிலிருந்து 17 இடங்கள். முதல் மூன்று இசட்-எஃப்-எஃப் என்றால் ஃபெராரி, இசட்-எச்-டபிள்யூ என்றால் லம்போர்கினி, டபிள்யூ-பி-பூஜ்யம் என்றால் போர்ஷே. டபிள்யூ-பூஜ்யம்-ஒன்பது என்று தொடங்கினால் ஆளை உட்கார வைத்துப் பேசுங்கள். அது, போர்ஷேயை அடிப்படையாக வைத்துக் கார் கட்டும் ரூஃப் என்ற ஜெர்மன் கம்பெனி தன் சொந்த நம்பரில் கட்டிய வண்டியாக இருக்கலாம். அப்படியானால் அதைப் பட்டறையில் மாற்றிய போர்ஷே என்று சொல்வதே தவறு.

உங்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்தப் படத்தை எடுத்தவரிடம் நேர்ப்பக்கவாட்டில் ஒன்றும் டேஷ்போர்டில் ஒன்றும் இருந்தால் வாங்கிப் போடுங்கள். சேஸ் நம்பரை அச்சிட வேண்டாம், அது உரிமையாளரின் சொத்து. ஏழாவது, எட்டாவது, பன்னிரண்டாவது இடங்களில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். 9, 3, 0 என்றால் அசல் டர்போ; அந்தக் காலத்து 911 டர்போவுக்குப் போர்ஷே வைத்த எண் 930. 9, 1, 1 என்றால், பின்னால் 'டர்போ' என்று ஒட்டியிருக்கும் எழுத்தையும் ஃபைபர் கணக்கில் சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிங்கர் ஒருவர்