பேத்தி கேட்ட கேள்வி

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி தேவலையா? எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எழுத்து பளிச்சென்று தெரிகிற குஷியில் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

தங்கம் கறுக்காது என்கிறீர்களே, அப்புறம் தங்கமும் கந்தகமும் சேர்ந்த தங்க சல்ஃபைடு என்று ஒன்று எப்படி இருக்கும் என்று உன் பேத்தி கேட்டாளாமே! நாம் பாடம் எடுத்த காலத்தில் ஒரு பிள்ளையும் நம்மை இப்படி மடக்கியதில்லை.

காற்றில் கந்தகம் கலந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு துளி இருந்தாலே வெள்ளி கறுத்துவிடும். தங்கக் கட்டி அசையாது. 22 காரட் நகை மங்கினால், பழி அதில் கலந்த செம்பு, வெள்ளி மேல்தான். ஆனால் தங்கத்தை உப்பாக்கிக் கரைத்து, அதே வாயுவைச் செலுத்திப் பார், கருமையான வீழ்படிவு இறங்கும். இரண்டு தங்கத்துக்கு ஒரு கந்தகம் என்று ஒரு சேர்மம், இரண்டுக்கு மூன்று என்று இன்னொன்று. இரண்டுமே பட்டும்படாத உறவு. பின்னது 200 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே பிரிந்து, பழையபடி தங்கமும் கந்தகமும் ஆகிவிடும்.

பெயர்தான் பெரிய கூத்து. முன்னது ஆரஸ் சல்ஃபைடு, பின்னது ஆரிக் சல்ஃபைடு. 'இக்' என்றால் உலோகத்தின் உயர்ந்த ஆக்சிஜனேற்ற நிலை, அதாவது அதிக எலக்ட்ரான்களை இழந்த நிலை என்று மட்டும்தான் தெரியும், எத்தனை என்று தெரியாது. ஃபெர்ரிக்கில் (இரும்பு) 3, குப்ரிக்கில் (தாமிரம்) 2, ஆரிக்கில் மறுபடி 3. எத்தனை பேரை மனப்பாடம் செய்ய வைத்திருப்போம்! ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1919-ல் அந்த எண்ணையே பெயரில் போடச் சொன்னது புண்ணியம்.

அந்த எண்ணும் சில சமயம் காலை வாரும். இரும்புப் பைரைட் என்ற கனிமத்தில் ஓர் இரும்புக்கு இரண்டு கந்தகம். கந்தகம் ஒவ்வொன்றுக்கும் மைனஸ் 2 என்று கணக்குப் போட்டால் இரும்பு பிளஸ் 4 என்று வரும். தப்பு. அங்கே கந்தகங்கள் ஜோடி சேர்ந்து, இருவருமாக மைனஸ் 2. இரும்பு வெறும் பிளஸ் 2.

அந்தப் பைரைட்டுக்குத்தான் 'முட்டாளின் தங்கம்' என்று பட்டம். அரிதாரம் என்ற மஞ்சள் கனிமத்துக்கு லத்தீனில் 'தங்க நிறமி' என்று பெயர், உள்ளே இருப்பதோ ஆர்செனிக்கும் கந்தகமும். ஆஸ்திரேலியாவின் கால்கூர்லியில் நேர்மாறு: தங்கமும் டெல்லூரியம் என்ற தனிமமும் சேர்ந்த கனிமத்தை வெறுங்கல் என்று நினைத்து, தெருப் பள்ளங்களில் கொட்டி நிரப்பினார்களாம். விஷயம் தெரிந்ததும் தெருவையே தோண்டியிருக்கிறார்கள்!

பேத்திக்கு என் பங்குக்கு ஒரு கேள்வி: தாமிர சல்ஃபைடில் தாமிரத்தின் எண் 2 என்று எழுதுவது சரியா? பதிலை அவளே எழுதட்டும், நீ சொல்லிக் கொடுக்காதே.

உன்,
சேது