அக்காவின் கீமோ பற்றி, தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காது குத்தியது, மாடியில் புது அறை எடுத்தது எல்லாம் படித்துச் சந்தோஷப்பட்டேன். அக்கா விஷயத்துக்கு வந்ததும் மனசு கனத்துவிட்டது. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, அதுவே பெரிய ஆறுதல்.

கீமோவுக்கு முன்னால் எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன், எடுக்கச் சொன்னதற்கு, "கட்டி மார்பில்தானே, இதயத்துக்கு எதற்கு எக்கோ?" என்று அத்தான் கோபப்படுகிறார் என்று எழுதியிருந்தாய். அவர் கேட்பதில் தப்பில்லை, யாரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த எக்கோவைத் தள்ளிப்போட வேண்டாம். வார்டில் இத்தனை வருஷம் நர்ஸாக நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்.

அக்காவுக்குப் போடப்போவதாக நீ எழுதிய ஏட்ரியாமைசின் என்ற கீமோ மருந்து சிவப்பாக இருக்கும். இத்தாலியில் ஒரு பழைய கோட்டைக்குப் பக்கத்து மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரில் கண்டுபிடித்த மருந்துக் குடும்பம் இது. ஊசி போட்ட அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயந்துவிட வேண்டாம். எத்தனையோ பேரைக் காப்பாற்றிய மருந்துதான். ஆனால் அது இதயத் தசையையும் தொடும். செத்துப்போன தசைச் செல்லுக்குப் பதில் புதுச் செல் அவ்வளவாக முளைப்பதில்லை. அதனால் உடம்பில் ஏறிய மொத்த அளவுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு வாழ்நாள் முழுவதற்கும் 450 முதல் 550 மில்லிகிராம் வரை. ஒவ்வொரு சைக்கிள், அதாவது ஒரு சுற்று கீமோ, முடிந்ததும் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் கூட்டுத்தொகையை எழுதி வட்டம் போட்டு வைப்போம். அக்காவுக்கு 60 வீதம் நாலு சைக்கிள் என்றால் 240தான், வரம்புக்கு வெகு கீழே. ஆனாலும் பிரஷர், சுகர், வயசு மூன்றும் இருப்பவர்களுக்குக் குறைந்த அளவிலேயே இதயத்தின் பம்பிங், அதாவது ரத்தத்தை இறைக்கும் சக்தி, குறையலாம். அக்காவுக்கு மூன்றும் இருக்கிறதே! முதலில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தானே பிறகு குறைந்ததா என்று சொல்ல முடியும்? இப்போதே எக்கோ கேட்பது அதற்குத்தான்.

கட்டியில் ஹெர்-2 என்ற புரதம் அதிகம், அதாவது ஹெர்-2 பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசியும் ஒரு வருஷம் போடுவார்கள். அதுவும் பம்பிங்கைக் குறைக்கும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தினால் மீண்டுவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது நூற்றில் 27 பேருக்கு இதயக் கோளாறு வந்ததாக 2001இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதனால் இப்போது ஒன்று முடிந்த பிறகே மற்றொன்று, நடுவில் மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ. கட்டி இடப்பக்கம் என்பதால், ரேடியேஷன் கொடுத்தால், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும் முறை அங்கே உண்டா என்று கேள். நுரையீரல் விரியும்போது இதயம் மார்புச் சுவரை விட்டுக் கொஞ்சம் விலகும்.

எனக்கு மறக்கவே முடியாத ஒரு பெண் உண்டு. சின்ன வயசில் நிணநீர்ப் புற்றுநோய்க்கு இதே மருந்து போட்டுக் குணமானவள். வருஷங்கள் கழித்து நிறைமாதக் கர்ப்பிணியாக வந்தாள். படுக்க முடியாமல் கட்டில் ஓரத்தில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது. கர்ப்பத்தில் இப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள், உண்மையில் இதயத்தின் பம்பிங்தான் குறைந்திருந்தது. பழைய கீமோ சீட்டு கையில் இல்லை, அதனால் என்ன மருந்து, எத்தனை டோஸ் என்று சொல்ல ஆள் இல்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், ஆனால் அந்த இரவு எங்கள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அக்காவின் டிஸ்சார்ஜ் சம்மரி ஒவ்வொன்றையும் ஒரே ஃபைலில் போட்டு வை. மாடி ஏற மூச்சு வாங்கினாலோ, ராத்திரி தலையணை கூடுதலாகத் தேவைப்பட்டாலோ, கால் வீங்கினாலோ "கீமோ அசதி" என்று விட்டுவிடாதே. பம்பிங் குறைவதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் அதைத் தாங்கிப் பிடிக்க நல்ல மாத்திரைகள் இருக்கின்றன.

அப்புறம் உன் சங்கதி. தைராய்டு மாத்திரையைக் கூட்டினதிலிருந்து படபடப்பு என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். அளவு அதிகமானால் துடிப்பு தாறுமாறாகி, அதனால் பக்கவாதம் வரைக்கும் போகலாம். மாத்திரையை நீயாக நிறுத்தாதே. தைராய்டு அளவைக் காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை பார், ஒரு ஈசிஜி எடு. அக்காவோடு போகிற அன்றே உனக்கும் முடித்துக்கொள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு முழங்கால் வலிக்குக் கடையில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கத்தை இப்போதுதான் நிறுத்தினேன், அதுவும் பிரஷரை ஏற்றி உடம்பில் நீர் கோக்க வைக்கும். எக்கோ ரிப்போர்ட் வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, என்ன மணியானாலும் பரவாயில்லை. அத்தானே கூப்பிட்டுப் பேசினாலும் சரி. இரண்டாவது சைக்கிளுக்கு நான் வந்து அக்காவோடு தங்குகிறேன், நீ கொஞ்சம் தூங்கலாம்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் தோழி